சலவைக்கூடத்துக்கு மார்க்கு போட வந்த பொண்ணு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதறேன். இங்கே அப்பாவும் நானும் சுகமா இருக்கோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருந்தா அதுவே போதும். உன் இருமல் விட்டுச்சா? மருந்தைப் பாதியில நிறுத்தியிருப்பே, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா. அப்பா பழைய மின்விசிறியைப் பிரிச்சுப் போட்டுட்டு திருப்பி மாட்டத் தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கார், வீடு முழுக்க கம்பியும் திருகாணியும், கால் வைக்க இடமில்ல.

அது கிடக்கட்டும், எங்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ஒரு அதிசயம் நடந்தது. வயசானவங்களை ஒரு வேலை இடம் எவ்வளவு நல்லா வெச்சிருக்குன்னு அளந்து மார்க்கு போட ஒரு பொண்ணு வந்தா. உயரத்தை அளக்கலாம், எடையை அளக்கலாம், இதை எப்படி அளப்பாங்கன்னு எனக்கு ஒரே குறுகுறுப்பு. அம்பது தாண்டினவங்களை மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டு, வேலை பாரம் சரியா இருக்கா, மதிப்பா நடத்தறாங்களா, புது மிஷினைச் சொல்லித் தராங்களான்னு கேட்டா. மேனேஜரும் அங்கேயே ஏதோ ஃபைலைப் புரட்டற மாதிரி நின்னுக்கிட்டிருந்தார். எல்லாத்துக்கும் பூம்பூம் மாடு மாதிரி தலையை ஆட்டிட்டு வந்தோம்.

அதோட போயிடுவான்னு பார்த்தா, மறுநாள் டேப்பும் கையுமா சலவைக்கூடத்துக்கே வந்துட்டா. எங்களோட சேர்ந்து ஈரத்துணி வண்டியைத் தள்ளினா, துணி அடுக்கற மேல் தட்டு எவ்வளவு உயரம்னு அளந்தா, யாருக்கு உட்கார இடம் இருக்கு யாருக்கு இல்லன்னு பார்த்தா. நான் அவ பின்னாலேயே சுத்தினேன், இது எதுக்கும்மா, அது எதுக்கும்மான்னு துளைச்செடுத்தேன். பாவம், சலிச்சுக்காம பதில் சொன்னா. கடைசியில அவ எங்களைத் திருப்பி ஒண்ணு கேட்டா. இந்த வேலை என்னால முடியலைன்னு இங்கே யாராவது வாய்விட்டுச் சொன்னா என்ன நடக்கும்னு. வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு இஸ்திரி மிஷின்ல நிக்கற அண்ணன் பட்டுனு சொன்னார். அப்படி யாரை அனுப்பினாங்கன்னு கேட்டா. யோசிச்சு யோசிச்சுப் பார்த்தோம், ஒருத்தர் பேரும் வரல. எப்படி வரும்? இத்தனை வருஷத்துல யாருமே சொல்லிப் பார்த்ததில்ல. வலியை முழுங்கிக்கிட்டே இருந்துட்டு, முடியாதப்போ தானா நின்னுடுவாங்க.

எனக்கு அதே நினைப்பாப் போச்சு. சொன்னா நிஜமா என்னதான் ஆகும்? என் வலது தோள் சங்கதி உனக்குத் தெரியும், ஈரப் போர்வையை மேல் தட்டுல ஏத்தறதுக்குள்ள உயிர் போய் உயிர் வரும். இருக்கற வேலைக்கு நீயே வேட்டு வெச்சுக்காதேன்னு அப்பா தடுத்தார். பயம் எனக்கும் இருந்தது, ஆனா தெரிஞ்சுக்கணும்கற அரிப்பு விடல. நேரா மேனேஜர்கிட்ட போய், சார், மேல் தட்டுக்கு என் கை தூக்க வரலைன்னு சொல்லிட்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு, பார்க்கலாம்னார். அடுத்த வாரமே என்னைத் தையல் ரூமுக்கு மாத்திட்டாங்க. ஜன்னல் இல்ல, பேச ஆள் இல்ல, கிழிஞ்ச தலையணை உறையோட நான் மட்டும். பார்த்தியா, மூலையில உட்கார வெச்சுட்டாங்கன்னார் அண்ணன். எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. ஆனாலும் திரும்பப் போய், சார், நான் ஆளை மாத்தச் சொல்லல, தட்டை இறக்கச் சொல்றேன்னேன். அவர் என்னையே பார்த்தார். இத்தனை நாளா ஏம்மா சொல்லலைன்னார். நீங்க கேக்கவே இல்லியே சார்னேன். பேனாவைத் திறந்து ஃபைல்ல ஏதோ குறிச்சுக்கிட்டார்.

ரெண்டு நாள் கழிச்சு தச்சர் வந்து தட்டை இடுப்பு உயரத்துக்கு இறக்கிட்டுப் போனார், நானும் பழைய இடத்துக்கே வந்துட்டேன். வேடிக்கை என்னன்னா, என்னைவிட குஷியானது சின்னப் பொண்ணுங்கதான், அதுங்களுக்கும் முதுகு கழண்டுக்கிட்டுத்தான் இருந்திருக்கு. அண்ணன் சும்மா இருப்பாரா? மிஷின் ஓடி முடிஞ்சா அடிக்கற மணி சத்தம் அவருக்குக் காதுல விழறதே இல்லியாம், பக்கத்துல நிக்கறவங்க கையைப் பார்த்தே சமாளிச்சிருக்கார், எங்க யாருக்கும் தெரியாது. அவரும் போய்ச் சொல்லிட்டார். இப்போ மணி அடிச்சா கூடவே ஒரு சிவப்பு விளக்கும் எரியுது, என்னமோ தனக்குச் சொந்தமான விளக்கு மாதிரி அதுக்குக் கீழே நின்னு பெருமை அடிச்சுக்கறார்.

மார்க்கும் வந்தது, நூத்துக்கு முப்பத்தெட்டு. தட்டை இறக்கறதுக்கு முன்னாடி பார்த்ததை வெச்சுப் போட்டதாம். மேனேஜருக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கானா அந்த முப்பத்தெட்டு எதுக்குக் கிடைச்சதுன்னுதான் ஆச்சரியம். மார்க்கைக் கொடுக்க வந்த அவளையே கேட்டேன். நீங்க ஒருத்தர் வண்டியை இன்னொருத்தர் தள்ளி விடறீங்களே, பாதிக்கு மேல அதுக்குத்தான்னா.

வருஷக் கடைசியோட வேலையை விட்டுட்டு அங்கேயே வந்துடுன்னு எழுதியிருந்தே. எனக்கும் ஆசைதான். கோவிச்சுக்காதேடி கண்ணு, அவ அடுத்த வருஷம் மறுபடி அளக்க வராளாம். எவ்வளவு ஏறியிருக்குன்னு பார்க்காம நான் எப்படிக் கிளம்பறது?

நீங்க ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, மனசு ஒத்து, நீண்ட ஆயுசோட இருக்கணும். காலையில வெறும் வயித்தோட வேலைக்கு ஓடாதே, மறந்துடாதே.

இப்படிக்கு,
உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கிட்டிருக்கும்
அம்மா