பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த தடை

சித்தூர்
24-10-1978

அன்புள்ள மகன் நேசகுமாருக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் நைனாவும் உடம்பளவில் சுகம், வடக்கே பிலாயில் நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மனசு சுகமா என்று மட்டும் கேட்காதே. இருபத்தெட்டு வருஷம் மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னவள் நான், இப்போது எனக்கே நூறு கேள்வி இருக்கிறது, கேட்க ஆள்தான் இல்லை, அதனால் உன்னையே கேட்கப்போகிறேன். அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீ நிம்மதியாக மூச்சு விடு. உன் கல்யாணம் நின்றுவிட்டது. நிறுத்தியது நான்தான்.

போன மாதம் நீ எழுதிய கடிதத்தை உன் நைனா முதல் பக்கம் மட்டும் எனக்கு வாசித்துக் காட்டினார், அதில் மழையும் உன் இருமலும்தான் இருந்தன. மிச்சத்தை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பையன் கூச்சத்தில் கல்யாணம் வேண்டாம் என்கிறான், எல்லாப் பையன்களும் சொல்வதுதான் என்றார். நானும் நம்பினேன். அவர் சபைக் கமிட்டியில் இருக்கிறவர் அல்லவா, நேராகப் போய்க் கல்யாண அறிவிப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். நம் வழக்கப்படி மாப்பிள்ளை சபையிலும் பெண் சபையிலும் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டுமே, எட்டாம் தேதி இங்கேயும் திருப்பதியிலும் முதல் தடவை வாசித்தாயிற்று. போதகர் உன் பெயரையும் கிருபாவதி பெயரையும் சேர்த்து வாசித்தபோது எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது, அதை இப்போது நினைத்தால் என்மேலேயே கோபம் வருகிறது. அடுத்த சனிக்கிழமை கோட்டைத் துவைக்க எடுத்தபோது உன் கடிதத்தின் மற்ற மூன்று பக்கங்களும் என் கைக்கு வந்தன.

நாலு தடவை வாசித்தேன். பெண்கள்மேல் உனக்கு மனசு போனதே இல்லை என்று எழுதியிருந்தாய். உன்னோடு ஒரே குவார்ட்டர்ஸில் இருக்கிற சினேகிதர்தான் உனக்கு எல்லாம் என்றும், கிருபாவதியைக் கட்டினால் மூன்று பேர் வாழ்க்கை கெட்டுப்போகும் என்றும் எழுதியிருந்தாய். சினேகிதர் யாருக்குத்தான் இல்லை, உன் நைனாவுக்குச் சின்னப்பன் இருக்கிறார், இருவரும் பொழுதன்றைக்கும் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள், அதற்காக என்னைக் கட்டாமலா விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ சொல்வது அது இல்லை என்று மூன்றாம் தடவை வாசிக்கும்போதுதான் உறைத்தது. உறைத்ததே தவிர விளங்கவில்லை. சின்ன வயதில் உன் அக்கா பாவாடையைக் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஆடினாயே, அதனாலா என்று யோசித்தேன். உன்னோடு உன் சித்தப்பா மகன் சாந்தகுமாரும்தான் பாவாடை கட்டி ஆடினான், அவனுக்கு இப்போது மூன்று பிள்ளைகள். ஹாஸ்டலில் விட்டதாலா, நான் வேலைக்குப் போய் உன்னைக் கவனிக்காததாலா, உன் நைனா பெல்ட்டால் அடித்ததாலா? இல்லை, யாரும் எதுவும் செய்யாமலே ஒரு பிள்ளை இப்படிப் பிறக்குமா? எனக்கு எழுது.

மறுநாள் ஆராதனைக்குப் போனபோது என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. போதகர் இரண்டாம் தடவை உங்கள் பெயர்களை வாசித்து, தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று வழக்கம்போல நிறுத்தினார். அந்த நேரத்தில் எல்லாரும் அடுத்த பாட்டைத் தேடிப் பக்கம் புரட்டுவார்கள், நம் சபையில் யாரும் தடை சொல்லி எழுந்ததே கிடையாது, அதிலும் பெண்கள் பக்கத்திலிருந்து. நான் எழுந்தேன். முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு மயக்கம் என்று நினைத்துப் போதகர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். தண்ணீர் வேண்டாம் ஐயா, தடை இருக்கிறது, என் மகனுக்குச் சம்மதமில்லை என்றேன். பின்னால் இருந்த ரத்னம்மா, இன்னா டீச்சரம்மா, பெத்தவளே தடை சொல்லிக்கினு நிக்கிறியே என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். ஆண்கள் பக்கத்தில் உன் நைனா தலையைக் குனிந்துகொண்டார். இன்றோடு ஒன்பது நாள் ஆகிறது, என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பசித்தால் தட்டை எடுத்து வைக்கிறார், சாப்பிட்டு எழுந்து போகிறார்.

ஊர் பேசுவதைக் கேள். பிலாயில் உனக்கு இந்திக்காரப் பெண்டாட்டி ஒருத்தியும் ஒரு கைக்குழந்தையும் இருக்கிறதாம். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தாயிற்றா என்று போதகரின் மனைவியே வந்து கேட்டுப் போனார்கள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இங்கேதான் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒருத்தியை வைத்துக்கொண்டு இன்னொருத்தியைக் கட்ட வந்தாய் என்று நம்புகிறார்கள், ஆனாலும் போகட்டும், வயசுக் கோளாறு என்று மன்னிக்கத் தயாராக இருக்கிறார்கள். யாரையும் ஏமாற்றமாட்டேன் என்று நீ எழுதியதைச் சொன்னால் நம் வீட்டு வாசலை மிதிக்கமாட்டார்கள். இது என்ன நியாயம் நேசு? எனக்கு உன் காரியமும் புரியவில்லை, இவர்கள் காரியமும் புரியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை பஸ் ஏறித் திருப்பதி போனேன். அங்கே மூன்றாம் தடவை வாசிப்பதற்குள் கிருபாவதிக்கு நானே சொல்லவேண்டும் என்றுதான். அவள் அழவில்லை. என்னைத் தனியாக அழைத்துப்போய், அவர் வேற யாரையாவது நேசிக்கிறாரா அத்தை என்று கேட்டாள். ஆமாம் என்றேன். யார் என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ, அவள் கேட்கவில்லை. கல்யாணம் ஆன பிறகு சொல்லாம இப்பவே சொன்னீங்களே, எங்க நைனாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீங்க சாப்ட்டுப் போங்க என்று இலை போட்டாள். பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்தேன். அவளுக்கு நல்ல இடம் அமையவேண்டும் என்று நீயும் ஜெபம் செய், அதற்கு நீ கடமைப்பட்டிருக்கிறாய்.

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், புடவை கட்டிக் கை தட்டிக் காசு கேட்டு வருகிறவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். எப்போதும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன், அன்றைக்குப் பார்த்தேன். என் பிள்ளையும் இப்படியா என்று நினைத்தேன், ஆனால் நீ பெண்ணாக வேண்டும் என்று எங்கும் எழுதவில்லையே, மீசைக்கு எண்ணெய் தடவி வளர்த்தவன் ஆயிற்றே. அப்படியானால் இது வேறு, அது வேறா? பெயர் கேட்டேன், மல்லிகா என்றாள், நாகலாபுரத்துப் பக்கமாம். அம்மா இருக்கிறாளா என்றேன். கீறா, நான் போனா கதவ சாத்திக்குவா, பொங்கலுக்கு மட்டும் தெருக்கோடில நின்னு பாத்துட்டு வந்துடுவேன் என்றாள். காசு கொடுத்தேன், என் தலையில் கை வைத்து வாழ்த்திவிட்டுப் போனாள். சித்தூர் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். நீ எந்தத் தெருக்கோடியில் நின்று நம் வீட்டைப் பார்ப்பாய் என்று நினைத்து நினைத்து அழுதேன்.

நேசு, உன் காரியம் சரியா தப்பா என்று எனக்குத் தெரியவில்லை. பாவம் என்று கேட்டே வளர்ந்தவள் நான், ஒரு வாரத்தில் மாற எனக்கு வராது, மாறிவிட்டேன் என்று பொய் எழுதவும் வராது. ஆனால் கதவை நான் சாத்தமாட்டேன். கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டு வந்து சேர். நைனா பேசாவிட்டால் நீயும் சும்மா இரு, எனக்குப் பழகிவிட்டது. அங்கே குளிர் தொடங்கியிருக்கும், ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே, இருமலுக்கு மிளகு தட்டிப் போட்டுப் பாலைக் காய்ச்சிக் குடி. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நல்ல சுகமும் தூக்கமும் தருவாராக.

ஒன்றை மறக்காதே. காலையில் ஜெபிக்கும்போது நம் ஆட்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லித்தான் எனக்குப் பழக்கம், சாந்தகுமாரின் கடைக்குட்டி வரைக்கும். ஒரு வாரமாக உன் பெயரைச் சொன்னதும் நின்றுபோகிறேன். நாலு பக்கம் எழுதினாயே, உன்னோடு இருக்கிற அந்தப் பிள்ளையின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. கர்த்தருக்குத் தெரியும், எனக்குத் தெரியவேண்டாமா? பதிலில் எழுது.

உன் அம்மா
ஞானம்மாள் தியோடர்