பரமேஸ் அக்கா தொட்டியில் ஒரு பாவுங் குஞ்சு

செப்டம்பர் 2, செவ்வாய்

மீசை நீளம். அதைத்தான் முதலில் பார்த்தேன். அதற்குள் மீன் பையில் ரப்பர் பேண்ட் போட்டாகிவிட்டது. உள்ளே இருந்த மற்றவற்றுக்கு வாயோரம் குட்டை மீசை. ஒன்றுக்கு மட்டும் வயிற்றைத் தாண்டி, நூல் மாதிரி.

காலையிலிருந்து மழை. கடையில் இரண்டு சரக்கு ஒன்றாக வந்தது. ஒன்று கோரி, தொட்டியின் அடியில் மேய்கிற சின்னக் கெளுத்தி. இன்னொன்று வயல் வாய்க்காலில் பிடித்த பாவுங் குஞ்சு. அதுவும் கெளுத்தி இனம்தான், ஆனால் முழங்கை நீளம் வளரும், வாய்க்கு அடங்கும் மீனையெல்லாம் விழுங்கும். தொட்டி பற்றாமல் முதலாளி குணா அண்ணன் இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டிவிட்டார். பிரிப்பது என் வேலை. கடையில் யாரிடமும் பேசாமல் செய்யக்கூடிய வேலை அது ஒன்றுதான்.

பிரித்த விதம்:
கோரி: வாய் கீழே பார்க்கும். உடம்பில் இரண்டு வரிசைத் தகடு, ஓடு வேய்ந்த மாதிரி. மிளகுப் புள்ளி தனித் தொட்டி. மூன்று கோடு தனித் தொட்டி. வெண்கல நிறம் தனி. தலையில் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தால் அபூர்வ சாதி. இன்று அது ஒன்றும் வரவில்லை.
பாவுங்: தகடு கிடையாது, வழுவழு. வாய் முன்னால், அகலம். வாலுக்கு முன் முதுகில் நீளமாக இன்னொரு துடுப்பு.

எல்லாம் தெரிந்துதான் பிரித்தேன். ஆனாலும் ஒரு குஞ்சு வெண்கலத் தொட்டிக்குள். அதே பழுப்பு நிறம்.

வாங்கியவர் பரமேஸ் அக்கா. கடைக்குப் பின்னால் உள்ள தாமான் குடியிருப்பில் வீடு. கணவருக்குப் பக்கவாதம், பேச்சு போய்விட்டது. அவர் பார்க்கட்டும் என்று கட்டிலுக்குப் பக்கத்தில் தொட்டி, அதில் நிறைய நியோன், நீலமாக மின்னும் பொடி மீன். “அடியில சுத்தம் பண்ற மீனு குடு மா. அந்த நியோனுங்கள ஒண்ணும் பண்ணாதுல்ல?” தலையாட்டினேன்.

பிறகுதான் மீசை. “அக்கா” என்று கூப்பிட்டேன். எனக்கே கேட்கவில்லை. அவர் குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

நாளைக்குச் சொல்லலாம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொல்லவில்லை. அவர் வரவில்லை, நானும் போகவில்லை. வீடு எங்கே என்று தெரியும். நடக்கிற தூரம்தான்.

குஞ்சு சின்னது, வாயும் சின்னது. ஒன்றும் ஆகாது.

ஜித்ரா பஸ் தாமதம். செருப்பு வார் அறுந்தது. அம்மா மீ கோரெங் நூடுல்ஸ் வாங்கி வந்தார், உறைப்பே இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆகிவிட்டது. ப. அக்கா வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“பாதி நியோன காணோம் குணா. செத்து மிதக்கவும் இல்ல.”

“பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு சியாமுக்குப் போயிருக்கும்லா.”

“கிண்டல் பண்ணாத. அவரு மேல இருந்தத எடுத்துக்கிட்டுப் போயிருக்கு. வீட்டுக்கு வந்தத தொட்டி மீனு வாங்கிக்கும்னு சொல்வாங்கல்ல? ரெண்டு நாளா மொகமே தெளிவா இருக்கு.”

இன்னும் நியோன் கேட்டார். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். பாவுங்குக்கு நானே தீனி போட்டு அனுப்பிய மாதிரி இருந்தது. வலை இரண்டு தடவை கண்ணாடியில் இடித்தது.

“மெதுவா, ஊமைக் கெளுத்தி,” என்றார் கு. அண்ணன். அவர் எனக்கு வைத்த பெயர்.

செப்டம்பர் 15, திங்கள்

கு. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பாசி சுரண்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல்.

“பாவுங்கா? அந்த சின்னத் தொட்டியிலயா? அடிப்பாவி.” ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு, “விடு லா. அந்தக்கா சிரிச்சு எவ்ளோ நாளாச்சு. நீ போயி அதுல மண்ணள்ளிப் போடப் போறியா?”

அதுவும் சரி என்று பட்டது. சரி என்று பட்டதே நிம்மதியாக இருந்தது. இதை எழுதும்போதுதான் அந்த நிம்மதி அசிங்கமாகத் தெரிகிறது.

செப்டம்பர் 21, ஞாயிறு

வெயில். மிளகுப் புள்ளித் தொட்டியில் முட்டை, கண்ணாடி ஓரம் ஒட்டவைத்த மாதிரி. வேறு நாளாக இருந்தால் நாள் முழுக்க அதையே பார்த்திருப்பேன்.

ப. அக்கா மறுபடி. இந்தத் தடவை என் கையையே பிடித்துக்கொண்டார்.

“கைய தூக்குறாரு மா! நல்ல கையக் கூட அசைக்காம செவுத்தப் பாத்து கெடந்த மனுசன். இப்ப தொட்டிப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டுறாரு. ஆ, ஆங்கிறாரு. மீனு போகப் போக அவருக்கு அசைவு வருது.”

இன்னும் நியோன்.

போகும்போது கு. அண்ணனிடம்: “வியாழக்கெழம ஆஸ்பத்திரியில பயிற்சி இருக்கு. இனிமே போகப் போறதில்ல. காருல ஏத்த எறக்க ஆளு இல்ல, அவரும் வலில அழுவாரு. மீனே பாத்துக்குது, பொறவு எதுக்கு?”

கு. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வலையைப் பார்த்தேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அம்மாவிடம் சும்மா கேட்பது மாதிரி கேட்டேன், பக்கவாதக்காரர் பயிற்சியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று.

“காலு மடங்கி அப்படியே இறுகிப் போயிடும். எங்க பேக்டரி லீலா அப்பாவுக்கு அப்படித்தான ஆச்சு. அப்புறம் யாரு நீட்டி விட்டும் நீளல. ஏன் கேக்குற?”

“சும்மா.”

படிவம் மூன்று படிக்கும்போது, வாய்மொழித் தேர்வு அன்று பள்ளிக்குப் போகாமல் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு போகவே இல்லை. அது என் படிப்பு, என்னோடு முடிந்தது. இது ஒருத்தருடைய கால்.

செப்டம்பர் 25, வியாழன்

முதல் பஸ். கடை திறக்கும் முன்பே வலையும் வாளியும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். பூட்டுக்கு என்னிடமும் சாவி உண்டு.

ப. அக்கா நைட்டியில், தலை வாராமல். “என்ன மா, மீனு கொண்டாந்தியா?”

“இல்லக்கா. எடுக்க வந்தேன்.”

அக்காவின் கணவர், மாமா, கட்டிலில் சாய்ந்து படுத்திருந்தார். நான் தொட்டி மூடியைத் திறந்ததும் கையைத் தூக்கினார். விரல் நேராக மரக்கட்டைக்கு அடியில். கட்டையைத் தூக்கினேன். பாவுங் அங்கேதான். விரல் நீளம் ஆகிவிட்டது, வயிறு உப்பி. வலையில் வந்தபோது மாமா “ஆ, ஆ” என்றார். பிறகு தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

அக்கா அவரையே பார்த்தார். “இதத்தான் இவ்ளோ நாளா காட்டிக்கிட்டு இருந்தீங்களா?”

அவர் தலையாட்டினார்.

நான் வலையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். மீன் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இதுதான் தின்றது. பார்க்காமல் போட்டுவிட்டேன். பை கட்டியதும் தெரிந்தது. சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போங்க அக்கா.

“நான் அப்புறம் ரெண்டு தடவ கடைக்கு வந்தேன்ல?”

“வந்தீங்க.”

“உங்கிட்டதான வாங்கினேன்? நீ நின்னு கேட்டுக்கிட்டுத்தான இருந்த?”

“ஆமாக்கா.”

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. கட்டில் ஓரம் உட்கார்ந்து முந்தானை இல்லாத நைட்டியில் கண்ணைத் துடைக்க எதையோ தேடினார். மாமாவின் போர்வை நுனி கிடைத்தது. மாமா சிரிப்பை நிறுத்தி அவர் முதுகில் கையை வைத்தார்.

தெருவில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. வாளிக்குள் பாவுங் சுற்றிச் சுற்றி முட்டியது.

கடைசியில் அக்கா எழுந்து அலமாரியிலிருந்து மாமாவின் சட்டையை எடுத்தார். என் பக்கம் திரும்பவில்லை.

“நான் ஒருத்தியா எப்படித் தூக்குறது?” சட்டையிடம் கேட்டார்.

வாளியைக் கதவோரம் தள்ளி வைத்தேன். போய் மாமாவின் கால் பக்கம் பிடித்தேன்.