நீலக் கோட்டின் பொத்தான்

எல்கோ, நெவாடா
3 மே 1994

அன்புள்ள வெண்டெல்,

நான் நலம். நீ நலமா என்று உன் முகத்தைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ரீனோ போக்கர் போட்டியில் முதல் பரிசு வாங்கி வந்தாய். அடுத்த போட்டியில் முதல் நாளே தோற்று வந்தாய். இரண்டுக்கும் ஒரே முகம். போன ஞாயிறு ஆட்டுக்கறியைக் கடித்துக்கொண்டே, "அந்த உப்பைத் தள்ளு. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றாய். உப்பும் நானும் உனக்கு ஒன்றா? சீட்டு மேசையில் முகத்தை மூடிக்கொள், அது உன் பிழைப்பு. என்னிடம் எதற்கு?

ஜூன் முதல் தேதி போர்ட்லாண்டில் வேலைக்குச் சேர்கிறேன். அங்கேயும் பள்ளிப் பேருந்து ஓட்டும் வேலைதான். என் நீலக் கோட்டிலிருந்து பிய்த்துக் கொடுத்த பொத்தானைத் திருப்பி அனுப்பு. அந்த ஊரில் ஓயாத மழையாம்.

டார்லா

லாஸ் வேகஸ்
8 மே

அன்புள்ள டார்லா,

பொத்தான் இத்துடன் இருக்கிறது. பதினோரு வருடமாக என் சீட்டுகளின் மேல் காவலுக்கு உட்கார்ந்திருந்தது. மேலே பாரம் இல்லாத சீட்டை, சீட்டுப் போடும் டீலர் வாரிக்கொண்டால் கேட்க நாதியில்லை என்றுதான் அன்று உன்னிடம் வாங்கினேன்.

இந்த ஊர்ப் போட்டியில் இன்னும் தோற்காமல் இருக்கிறேன். வெயில் அதிகம். போர்ட்லாண்டில் நன்றாக இரு.

வெண்டெல்

லாஸ் வேகஸ்
14 மே

என் டார்லா,

கடைசி மேசையில் மூன்றே பேர். டீலரை ஒட்டிய நாற்காலி எனக்கு. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் ஜோடி ஏஸ், அதைவிடப் பெரிய சீட்டு கிடையாது! இருந்த பணச் சில்லுகளை எல்லாம் முன்னே தள்ளினேன். எதிராளியும் துணிந்து இறங்கினான்.

இந்த ஒரு வாரமும் ஒரு நாணயத்தை வைத்துச் சமாளித்தவன், அந்த நேரம் பார்த்துப் பழைய பழக்கத்தில் சட்டைப்பையில் உன் பொத்தானைத் தேடினேன். பை காலி. நீயும் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் டீலர் பெண் என் சீட்டுகளைக் கழித்த சீட்டுகளோடு வாரிவிட்டாள். ஆட்ட விதிப்படி என் சில்லுகள் எல்லாம் எதிராளிக்கு. மூன்றாம் இடத்தோடு நான் வெளியே.

எனக்குச் சிரிப்பு வந்தது, டார்லா. சிரித்துச் சிரித்து அழுகையில் போய் நின்றது. கூட்டத்திலிருந்து உன் அண்ணன் லைல் கத்தினான்: "டேய், உனக்குப் பல்லெல்லாம் இருக்காடா? இத்தனை வருஷத்துல இப்பத்தான் பாக்குறேன்! ஏஸ் போச்சேன்னா அழுவுற?"

"ஏஸ் கெடக்குது போ! எனக்கு டார்லா வேணும்!" என்று சபை நடுவில் சொல்லிவிட்டேன். அந்த டீலர் பெண்ணும் சேர்ந்து அழுதாள்.

நீ இல்லாமல் என்னால் முடியாது. இந்த முறை உப்புக் கேட்கவில்லை. என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்வாயா?

உன் வெண்டெல்

எல்கோ
18 மே

என் அன்பு வெண்டெல்,

லைல் அன்றே போன் செய்து, நீ அழுததை அப்படியே நடித்துக் காட்டினான். திங்கட்கிழமை பேருந்தில் எனக்குள்ளேயே சிரித்துக்கொண்டிருந்தேன். "மிஸ், என்ன ஆச்சு உங்களுக்கு?" என்று பிள்ளைகள் கேட்டார்கள். "எங்காளு தோத்துட்டாரு!" என்றேன். முப்பது பேரும் கைதட்டினார்கள்.

பண்ணிக்கொள்கிறேன். போர்ட்லாண்டுக்கு வேலை வேண்டாமென்று எழுதிவிட்டேன்.

ஆனால் பொத்தானைத் திருப்பித் தர முடியாது. இரட்டை நூல் போட்டுக் கோட்டில் தைத்தாயிற்று. இனி அது தனியாக எங்கும் வராது. அடுத்த போட்டிக்குக் காவல் வேண்டுமென்றால் கோட்டையும் கூட்டிப்போ, கோட்டுக்குள் இருப்பவளையும் கூட்டிப்போ.

சனிக்கிழமை வந்துவிடு. வாசலிலேயே நிற்பேன். தெருமுனையில் திரும்பும்போதே அந்தப் பல்லைக் காட்டிக்கொண்டு வா.

உன் டார்லா