மூன்றாவது அறை

அன்புள்ள உனக்கு,

வரிசையாகச் சொல்கிறேன்.
1. அந்தக் காலத்து வீடுகளில் தனியறை கிடையாது.
2. அது பின்னால் வந்த பழக்கம்.
3. இடித்துக் கட்டும் நம் மந்தைவெளி ஃபிளாட்டில் இரண்டு அறை போதும்.

முற்றத்தைச் சுற்றி எங்கே பாய் விரித்தாலும் அதுவே படுக்கையறை. கட்டில் வந்த பிறகுதான் அறைகளுக்கு ஆட்களின் பெயர் ஒட்டிக்கொண்டது. படித்ததைச் சொல்கிறேன், தவறாகவும் இருக்கலாம்.

நம் பிள்ளை முகிலனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், புது வீட்டில் அவனுக்கும் ஓர் அறை வேண்டும் என்றாய். நான் மறுத்தேன். நீ கோபாலபுரத்துக்கு, உன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாய்.

இதை எழுதும்போதே பில்டரின் ஆள் பிளானோடு வந்தான்.

"ரெண்டு பேர்தானே சார் கீறீங்க? இந்த ரூமை எடுத்துட்டு ஹாலைப் பெருசாக்கிடலாமா?"

"அது முகிலன் ரூம்ப்பா" என்றேன்.

அவன் பென்சிலைப் பையில் வைத்துக்கொண்டான்.

மூன்றாவதாக எழுதியது தவறு.

இப்படிக்கு,
நான்