காப்புக் கட்டும் முன்

உத்திரமேரூர்
ஆடி மாதம், திங்கட்கிழமை

என் பூனைக்கண்ணா ராஜாராமுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் நைனாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீ தங்கச் சுரங்கத்தில் இறங்குகிற ஒவ்வொரு தடவையும் நல்லபடியாக மேலே ஏறி வர மாரியம்மா துணை நிற்கட்டும். நீ அனுப்பிய போர்வை வந்தது. இங்கே மழை ஒரு தூறலோடு சரி, ஏரி காய்ந்து கிடக்கிறது, சிவப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது.

அம்முலுவைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. தை அறுப்பில் கதிர் பொறுக்கப் போன தங்கச்சி பொழுது சாய்ந்தும் வரவில்லையென்றால் அன்றைக்கே ஏன் தேடவில்லை என்று போன கடிதத்தில் கோபமாகக் கேட்டிருந்தாய். நம் சேரி உனக்குத் தெரியாததா அப்பா, நீயே எத்தனை நாள் ஜெயம்மாள் அத்தை வீட்டில் சாப்பிட்டு அங்கேயே தூங்கியிருக்கிறாய், நான் தேடினேனா. அவள் சிட்டம்மாள் வீட்டில் படுத்திருக்கிறாள் என்று நான் நினைத்தேன், சிட்டம்மாள் ஜெயம்மாள் வீட்டில் என்று நினைத்தாள், ஜெயம்மாள் என்னிடம் என்று நினைத்தாள். விடிந்து கஞ்சி ஊற்றும்போதுதான் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்புறம் ஏரி, கிணறு, முட்புதர் என்று சேரியே கூலிக்குப் போகாமல் தேடியது.

இப்போது அந்தப் பழக்கம் போய்விட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துகிறாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து உட்கார்ந்தால் ஒரு வாய் சோறு போடப் பயம், "உங்கம்மாகிட்ட சொல்லிட்டு வந்தியா, போய் கேட்டுகினு வா" என்கிறார்கள். வளையல் விற்க வந்த கிழவனை நம் ஆட்கள் பிடித்து அடித்துவிட்டார்கள், பாவம், அவன் கூடையில் வளையலைத் தவிர ஒன்றுமில்லை. அதிலிருந்து எந்த வியாபாரியும் வருவதில்லை, ஊசி நூலுக்கும் கடைத்தெருவுக்கு நடக்கிறோம். சிட்டம்மாள் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு வேறு பக்கம் போனாள், நான்தான் கையைப் பிடித்து, "நீ இன்னாடி பண்ணுவ, பெத்தவ நானே தேடல" என்றேன், அதற்கு இன்னும் அழுதாள். உன் நைனா சந்தை நாளில் வாலாஜாபாத் ரயிலடியில் போய் நின்றுவிட்டு வருகிறார். வந்து கால் கழுவிக்கொண்டு படுத்துவிடுவார்.

எழுத வந்த சங்கதி வேறு. வரும் வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும், மறுவாரம் கூழ் ஊற்ற வேண்டும். சாவுத் தீட்டுக் கழியாமல் காப்புக் கட்டக் கூடாது என்பது உனக்குத் தெரியும். பெருமாள் மாமாதானே இப்போது சேரிக்குப் பெரியதனம், நேற்று வந்தார். "இத பாரு செங்கேணி, கொழந்த கீதுன்னு சொல்லு, காப்பு கட்டிட்றோம். இல்லன்னு சொல்லு, பால் தெளிச்சி தீட்டு கழிச்சிட்டு அப்பறம் வெச்சிக்கறோம். எங்க வாயால அது வராது, நீதான் சொல்லணும்" என்றார். சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் மேல் தப்பில்லை. நைனாவைக் கேட்டால் எழுந்து ஆட்டுக்குத் தழை வெட்டப் போய்விட்டார்.

இருக்கிறாள் என்று சொன்னால், அவளுக்கு அம்மை போட்டபோது நேர்ந்துகொண்ட சின்னக் கூழ்ப்பானையை அவள் தலையில் ஏற்றாமல் நானே சுமந்து போக வேண்டும், எல்லாரும் பார்ப்பார்கள். இல்லை என்று சொல்லிப் பால் தெளித்த பிறகு அவள் வாசலில் வந்து நின்றால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் துணியோடு படுக்காதே, குடிக்கிற கூட்டாளிகளோடு சேராதே. நல்ல பெயரோடு நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு
உன் அம்மா
செங்கேணி

இது உன் கைக்கு வருமுன் வெள்ளிக்கிழமை வந்துவிடும், பெருமாள் மாமா வாசலில் வந்து நிற்பார். உன் தங்கச்சி இருக்கிறாள் என்று சொல்லவா, இல்லை என்று சொல்லவா?