துக்கக் காபியும் தலைவர் நாற்காலியும்

தெய்ர் ஸஅத்தர்
ஒலிவ் பறிப்புத் தொடங்கிய வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஜுமானாவுக்கு வாப்பாவின் ஸலாம். இறைவன் கருணையால் நானும் உம்மாவும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, ஆனால் இந்த வாரம் அதைப் பற்றிப் புலம்பப் போவதில்லை, அதைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது. சான்டியாகோவில் இப்போது குளிர் விட்டிருக்கும், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன் மகளே, உன் உம்மா இப்போது ஊர் மன்றத் தலைவர். இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எப்படி நடந்தது என்று கேள்.

தலைவர் அபூ வஹீப் இறந்ததைப் போனில் சொன்னோம் அல்லவா. உன் உம்மாவுக்கு அவர் பெரியப்பா மகன் மட்டுமில்லை, துணைத் தலைவராக இத்தனை வருஷம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவள் அவள். விதிப்படி தலைவர் போய்விட்டால் துணைத் தலைவர் பொறுப்பைப் பார்க்க வேண்டும், பிறகு உறுப்பினர்கள் கூடி வாக்களித்து அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்தெருவில் இருக்கும் அவளுடைய சொந்தக்காரர்களுக்கு விதியாவது மண்ணாவது. கபர் மண் காயும் முன்பே, அம்மானில் கார் விற்றுக்கொண்டிருந்த அவர் மகன் வஹீபை வரவழைத்து, காலியான இடத்தில் அவனை உறுப்பினராக்கி அப்படியே தலைவராக்கிவிடலாம், அப்பன் நாற்காலி மகனுக்குத்தானே என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நம் ஊர்த் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்றுகூட அந்தப் பையனுக்குத் தெரியாது. அவன் உட்கார்ந்தால் நாங்கள் மொத்தமாக ராஜினாமா என்று கீழ்த்தெரு உறுப்பினர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்கள் போனால் மன்றம் கலைந்துவிடும், ராமல்லாவில் இருக்கும் அரசாங்கம் முன்பின் தெரியாத யாரையாவது அனுப்பும், அவர் வந்து சேர்வதற்குள் தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் நின்றுபோகும். ராமல்லாவிலேயே நாட்டுத் தலைவருக்கு அடுத்து யார் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். நாட்டுத் தேர்தலுக்கு ஒரு வாக்குப் பெட்டியை நீ கண்ணால் கண்டதே இல்லை. நம் ஊரும் அப்படி ஆகிவிடுமோ என்றுதான் உன் உம்மா தூக்கமில்லாமல் புரண்டாள்.

துக்கத்தின் மூன்றாம் நாள் மாலை அஸர் தொழுகை முடிந்ததும், கிழவர் அபூ ரிஸ்க் தலைமையில் மேல்தெருப் பெரியவர்கள் நம் வீட்டுக்கு வந்தார்கள். உன் உம்மா ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று கேட்கத்தான் வருகிறார்கள் என்பது தெரிந்ததுதான். நம் வழக்கம் உனக்குத் தெரியும், கோரிக்கையோடு வருகிறவர்கள் காபியை வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள், கேட்டது கிடைக்கும்வரை தொடமாட்டார்கள். குடிக்காமல் அவர்களை எழுந்து போகவிட்டால் வீட்டுக்குத்தான் அவமானம். குடித்துவிட்டால் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். நான் இந்த ஊருக்கு மாப்பிள்ளையாக வந்தவன், எனக்கு வாய் திறக்க உரிமையில்லை, காபி ஊற்ற மட்டும்தான் உரிமை. ஊற்றினேன். அபூ ரிஸ்க் கோப்பையைக் கீழே வைக்கக் குனிந்தபோது உன் உம்மா பேச ஆரம்பித்தாள். ஹாஜி, நீங்க எல்லாரும் ஆம்பளைங்க துக்கக் கூடாரத்துலயே இருந்துட்டீங்க, அண்ணன் போன துக்கத்தை என் வீடு தேடி வந்து விசாரிக்க இன்னும் ஒருத்தர் வரலை, நீங்களாவது வந்தீங்களே என்று சொல்லி அழுதாள். நடிப்பில்லை மகளே, அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. கிழவருக்கும் கண் நிறைந்துவிட்டது. கையேந்தி ஃபாத்திஹா ஓதினார், அல்லாஹ் அவனுக்கு இரங்கட்டும் என்றார், மூன்று நாளாகத் துக்கக் காபி குடித்துக் குடித்துப் பழகிய கை, ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

வஹீபின் தாய்மாமன் அவர் விலாவில் இடித்து, என்ன ஹாஜி, குடிச்சிட்டீங்க, இனிமே எதைக் கேக்குறது என்றான். கிழவர் காலிக் கோப்பையையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம், செத்தவனுக்குக் குடிக்கிற காபியைக் கீழ வைக்கச் சொல்றியாடா, மரியாதை கெட்டவனே, எங்களுக்குக் கேக்க ஒண்ணும் இல்லம்மா, மன்றம் கூடட்டும், வாக்குப் போடட்டும் என்று சீறிவிட்டு, போதும் என்று கோப்பையை ஆட்டி என்னிடம் நீட்டினார். அதன் பிறகு மற்றவர்களும் குடித்துத்தானே ஆக வேண்டும். உன் உம்மா நஸீஹா திட்டம் போட்டுச் செய்தாள் என்று ஊரே சொல்கிறது. அவள் என்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

போன செவ்வாய் மன்றம் கூடியது. கீழ்த்தெரு முழுவதும், மேல்தெருவில் பாதியும் உன் உம்மாவுக்குக் கை தூக்கினார்கள். தெருப் பெண்கள் மொட்டை மாடியில் ஏறிக் குலவை போட்டார்கள். நான் நாப்லுஸிலிருந்து ஒரு பெரிய தட்டு குனாஃபா இனிப்பு வரவழைத்தேன், இந்த முழங்காலை வைத்துக்கொண்டு தப்கே நடனம் ஆடினேன், அதன் பலன்தான் இப்போது படுத்திருக்கிறேன். வஹீப் வந்து, அத்தை, என்னைக் காப்பாத்திட்டீங்க, எனக்கு அம்மான்ல கடை சும்மா கெடக்கு என்று அவள் தலையில் முத்தமிட்டுப் போனான். அவள் செய்த முதல் காரியம், கீழ்த்தெரு வாத்தியார் ஒருவரைத் துணைத் தலைவராக்கியது. நாளைக்கு எனக்கு ஒன்று ஆனால் ஊர் தடுமாறக் கூடாது என்றாள்.

புது எண்ணெய் ஆட்டியதும் ஒரு டின் அனுப்புகிறேன், அக்கம்பக்கத்துக்கெல்லாம் தானம் செய்துவிடாதே. ராத்திரி வேலைக்குப் போனால் மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு வரட்டும். உன் உம்மாவுக்குப் பிறகு அந்த நாற்காலிக்கு நீதான், சீக்கிரம் ஊர் வந்து சேர் என்று இந்த இடத்தில் எழுதி, பெருமையாக அவளுக்குப் படித்துக் காட்டினேன். காய் பொறுக்கிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து பேனாவைப் பிடுங்கினாள். அது என்ன நம்ம வீட்டுப் பாயா, மகளுக்குச் சுருட்டிக் குடுக்க, வேணும்னா அவளும் வந்து தெருத்தெருவா வாக்குக் கேக்கட்டும் என்றாள். தலைவர் உத்தரவு, அந்த வரியை அடித்துவிட்டேன், நான் என்ன செய்ய.

இறைவன் உன் கைக்குப் பரக்கத்தும் உன் வீட்டுக்கு நிம்மதியும் தரட்டும். வெள்ளிக்கிழமை போன் செய்ய மறக்காதே. அவளுக்குத் தெரியாமல் ஒன்று சொல்கிறேன், வாக்காளர் பட்டியலில் உன் பெயர் இன்னும் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

தலைவர் வீட்டுக் காபிக்காரன்,
உன் வாப்பா