மாமன் வீட்டுக்குச் சேதி கொண்டு ஓடியவள்

எனக்குத் தலைசீவிப் பின்னிவிட்ட என் ராணி அக்காவுக்கு,

நீ போய்ப் பதிமூன்று வருடமாகிறது. உன் மகள் காவ்யாவுக்கும் அதே வயதுதான். அவள் அப்பா வேறு கல்யாணம் செய்துகொண்ட பிறகு, மைசூரில் என்னோடுதான் இருக்கிறாள். மண்டி மொஹல்லாவில் ஒரு தையல்கடையில் எனக்கு வேலை. அவள் எட்டாவது படிக்கிறாள். தமிழைவிடக் கன்னடம்தான் அவளுக்குச் சரளமாக வருகிறது. கோபம் வந்தால் உன்னை மாதிரியே உதட்டைக் கடிக்கிறாள்.

இத்தனை நாள் உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன். அப்போது உனக்குப் பதினாலு வயது. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாப்பா, யாருகிட்டயும் சொல்லிப்போடாதே" என்று அழுதாய். நீ பெரியவளானது அம்மாவுக்குக்கூடத் தெரியாது. தெரிந்தால் பள்ளிக்கூடம் அன்றோடு சரி என்று பயந்தாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. அந்தச் சேதியை முதலில் மாமன் வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்குப் புதுத்துணி கிடைக்கும். அது நம் பக்கத்து வழக்கம். பதினோரு வயதில் சோளக்காட்டு வழியாக மூச்சிரைக்க ஓடினேன், அக்கா.

மாமா எனக்குப் பச்சைப் பாவாடை எடுத்துக் கொடுத்தார். உனக்குத் தென்னை ஓலையில் குடிசை கட்டினார், சீர்த்தட்டு வைத்தார். "மாமன் குடிசை கட்டிட்டான், இனி உரிமைப் பொண்ணு" என்று ஊரே சிரித்தது. உன்னைப்போல் இரண்டு மடங்கு வயது அவருக்கு. அடுத்த வருடமே உன் கழுத்தில் தாலி கட்டினார். அந்தக் கல்யாணத்துக்கும் நான் அதே பாவாடையைத்தான் கட்டினேன். அதைப் பார்த்ததுமே உனக்குப் புரிந்திருக்கும். ஆனாலும் நாடா அவிழ்ந்தபோது, மணவறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு நீதான் இறுக்கிக் கட்டிவிட்டாய். ஏன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை?

பதினாறு வயதில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்தாய். விதி என்றார்கள். விதியாம். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது ஞாயிறுதோறும் அம்மா போனில் கேட்பது ஒன்றுதான். "என்ன புள்ள, இன்னும் ஆகலையா? உன்ற தம்பி காத்துக்கிட்டுக் கெடக்கறான்." ஆமாம், நம் சேகர்தான். காவ்யாவுக்குத் தாய்மாமன். அவளை இடுப்பில் தூக்கி வளர்த்தவன். கேட்டால், "எனக்கு மட்டும் ஆசையாக்கா? அம்மா சொல்லுது, முறைதானே" என்கிறான். மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. முறை முறை என்று சொல்லியே உன்னைக் கொன்றோம். அது போதாதா?

போன மாதம் காவ்யா குளியலறைக் கதவைப் பாதி திறந்து கூப்பிட்டாள். "சித்தி, பேடா சித்தி, அம்மாயிகிட்ட மட்டும் சொல்லாதீங்க." வேண்டாம் என்பது அவளுக்குக் கன்னடத்தில்தான் வந்தது. ஆனால் அப்படியே உன் குரல். "சொல்ல மாட்டேன் கண்ணு" என்றேன். மூன்று ஞாயிறு அம்மாவிடம் இல்லை என்றே சாதித்தேன்.

நேற்று அம்மா விடவில்லை. "எதையோ மறைக்கறே நீ" என்று துருவித் துருவிக் கேட்டாள். காவ்யா வந்து கையை நீட்டினாள். "குடுங்க சித்தி, நானே சொல்றேன்." போனைக் கொடுத்துவிட்டேன்.

"அம்மாயி, நான் பெரியவளாயிட்டேன். ஃபங்ஷன் வேண்டாம். சேகர் மாமாவைக் கட்டிக்க மாட்டேன். நான் ஸ்கூலுக்குப் போகணும்." அவள் குரல் நடுங்கவில்லை. அம்மாவோ, "வெள்ளிக்கெழம சீரோட வாறோம். ஊட்டப் பூட்டிப்போடாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

வீட்டைப் பூட்ட மாட்டேன், அக்கா. அவள் டீச்சரிடம் எல்லாம் சொல்லியாயிற்று. குழந்தைகளுக்கான உதவி எண்ணை எழுதிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். வரட்டும். தம்பிக்கு வயிறாரச் சோறு போடுவேன். அம்மா அழுதால் பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுவேன். ஆனால் சீர்த்தட்டு நிலைப்படி தாண்டாது. சனிக்கிழமை காலையில் உன் மகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குப் போவாள். இது உன்மேல் ஆணை.

அன்றைக்கு ஓடிய அதே கால்கள்தான். வெள்ளிக்கிழமை வாசலைவிட்டு நகராது.

நீ நாடா கட்டிவிட்ட தங்கச்சி,
பாப்பா